பன்னிரண்டாவது இலை

அன்று காலை அவன் எழுதிய பன்னிரண்டு சீட்டிலும் ஒரே சொல்தான் இருந்தது. "சரி."

அதில் அதிசயம் ஒன்றுமில்லை. எட்டு மாதமாக அவன் எழுதிவந்தது அந்த ஒரு சொல்லைத்தான்.

அது துணியில் இலை செய்யும் பட்டறை. கஞ்சி போட்ட துணியை அச்சில் வெட்டி, சாயம் ஏற்றி, அடுப்பில் காய்ந்த உருண்டை இரும்பால் அழுத்திச் சுருட்டி, காம்பு ஒட்டினால் இலை. செய்தவர் காம்படியில் தன் அடையாளமாகப் புள்ளி வைப்பார். பிறகு இலை ஜன்னலோர நாற்காலிக்கு வரும். அங்கே உட்கார்ந்திருப்பவர் பார்த்து "சரி" என்று சீட்டு எழுதினால் அது கடைக்குப் போகும். "தப்பு" என்று எழுதினால் செய்தவர் மேசைக்கே திரும்பும்.

அவனுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவள் அவன் மனைவி. அவள் கண்ணுக்கு ஈ எறும்பு தப்பாது. இரும்பு மேசையில் வேலை பார்த்த பெற்ற தாய்க்கே நாளைக்கு ஐந்து "தப்பு" எழுதுவாள். தாய்க்காரி வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டிக் கோபத்தைக் காட்டுவாள். மறுநாளும் ஐந்து வரும். காய்ச்சல் என்று படுத்த மகள் நாலாம் நாள் இல்லை. இருபத்தெட்டு வயது.

அவன் கல்லூரியில் வேதியியல் படித்தவன். மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு மருத்துவர்களைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தான். அவள் போன பிறகு அந்த அறைகளில் போய்ச் சிரிக்க முடியவில்லை. பட்டறை முதலாளிதான் கூப்பிட்டு நாற்காலியைக் கொடுத்தார். கூர்மையான கண்ணும் தொற்றுநோய் மாதிரி, ஒரே வீட்டில் இருந்தால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தாரோ என்னவோ.

ஒட்டவில்லை. இலையைப் பார்ப்பான். இலை தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. சோறும் அப்படித்தான், வெயிலும் அப்படித்தான். எல்லாம் சரி. முதல் மாதம் பட்டறையே அவனைக் கொண்டாடியது. மூன்றாம் மாதம் கடைகளிலிருந்து பெட்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன.

முந்தின நாள் முதலாளி அவனைத் தனியே அழைத்துச் சொல்லிவிட்டார். "தம்பி, எனக்கும் மனசு இருக்கு. ஆனா மனசை வெச்சு பட்டறை ஓட்ட முடியாது. நாளைக்கு அருங்காட்சியகத்துலேருந்து வராங்க. இந்த ஆர்டர் கையை விட்டுப் போச்சுன்னா, நாற்காலிக்கு வேற ஆள் பாத்துடுவேன்."

"சரி," என்றான் அவன்.

"இதுக்குமா சரி?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் முதலாளி.

ஆர்டர் சின்னதல்ல. அருங்காட்சியகத்தில் காட்டுத் தரை ஒன்று அமைக்கிறார்கள். கீழே சருகு, மேலே கண்ணாடி, கண்ணாடியின் மேல் மக்கள் நடப்பார்கள். நாலாயிரம் சருகு வேண்டும், ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளம். சிக்கல் இடைவெளியில் இருந்தது. தரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு விரல் கனம்கூடக் கிடையாது. நன்றாகச் சுருண்ட இலை கண்ணாடியில் முட்டி நசுங்கும். சுருளாத இலை வெட்டிப் போட்ட காகிதம் மாதிரி இருக்கும். அங்குள்ள பொறுப்பாளர் அம்மா, மாதிரிக்கென்று ஒரு சாக்கு நிஜச் சருகு அனுப்பியிருந்தார். பட்டறை ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டது. பன்னிரண்டு அறை கொண்ட மரத் தட்டில் வைக்கப் பன்னிரண்டு மாதிரிகள் செய்தார்கள். பன்னிரண்டாவது இரும்பில் கருகிவிட்டது. இருப்பது பதினொன்று போதும் என்று விட்டுவிட்டார்கள்.

இதை அவனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் ஏறியிருக்குமா என்பது வேறு கேள்வி. முந்தின மாலை அவன் விளக்கை அணைக்காமல், ஜன்னலைச் சாத்தாமல் வீட்டுக்குப் போயிருந்தான். காலையில் வந்து விளக்கை அணைத்தான். தட்டில் பன்னிரண்டு அறை, பன்னிரண்டு இலை. பன்னிரண்டு சீட்டு எழுதி வைத்தான்.

பத்து மணிக்குப் பொறுப்பாளர் அம்மா வந்தார். உயரமானவர். பேச்சு குறைவு. தட்டை மேசையில் வைத்துச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். அவனுடைய மாமியார் இரும்பு மேசையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சாயம் போடும் மச்சினி தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு வந்தாள். அந்த அம்மா ஒவ்வொரு இலையையும் கசப்பு மருந்தை வாயில் வைத்திருப்பவர் முகத்தோடு பார்த்துக்கொண்டே போனார். ஐந்து. எட்டு. பதினொன்று.

"இவ்வளவுதான் முடியும் போல," என்று பையை எடுத்தவர், பன்னிரண்டாவது அறையில் நின்றுவிட்டார்.

நன்றாகக் காய்ந்த சருகு. நடுவில் கரும்பழுப்பு. மேல் ஓரம் வெளிறி, உள்பக்கமாக ஒரு சுற்று சுருண்டிருந்தது. சுருளின் உள்ளே இருட்டு. நரம்புகள் மெல்லிசாக ஓடி அந்த இருட்டுக்குள் காணாமல் போயின.

"இது," என்றார். குரல் மாறிவிட்டது. "இது யாரு செஞ்சது?"

முதலாளி எட்டிப் பார்த்தார். அவருக்கே வாய் பிளந்தது. ஆனாலும் முதலாளி முதலாளிதான். "நம்ம ஆளுங்கதான் மேடம். வேற யாரு?"

"இதை ஏன் கடைசியில வெச்சீங்க? இதே மாதிரி நாலாயிரம். வேற எதுவும் வேண்டாம். இப்பவே கையெழுத்து போடறேன்."

மாமியார் மச்சினியைப் பார்த்தாள். மச்சினி உதட்டைப் பிதுக்கினாள். "என் சாயம் இல்லம்மா."

"என் இரும்பும் இல்லடி," என்றாள் தாய், அடிக்குரலில். "எனக்கே இந்தச் சுருள் வராது. யாரு இவ்வளவு பெரிய கைக்காரி நமக்குத் தெரியாம?"

"புள்ளியைப் பாருப்பா," என்றார் முதலாளி அவனிடம். "யாரோட புள்ளின்னு சொல்லு. அவங்களை மேடத்துக்குக் காட்டலாம்."

அவன் குனிந்தான். இலையைத் திருப்புவதற்காக ஆட்காட்டி விரல் நகத்தை அதன் அடியில் மெல்ல நுழைத்தான்.

இலை அவன் விரலைப் பிடித்துக்கொண்டது.

ஆறு இடத்தில். ஊசி முனையைவிடச் சின்னதாக, ஆனால் உறுதியாக. ஒவ்வொரு முனையும் தோலில் தனித்தனியாகப் பதிவதை அவன் உணர்ந்தான். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஒரு சிலிர்ப்பு விழுந்து போயிற்று. கையை உதறவில்லை. உதறத் தோன்றவில்லை.

அந்த அம்மா பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார். முதலாளி காகிதத்தை நீவி விரித்துக்கொண்டிருந்தார். விரலை மெதுவாகத் தட்டில் இறக்கி, கையை எடுத்துக்கொண்டு, வாயை மூடியிருந்தால் ஆர்டர் கிடைக்கும். நாற்காலி நிற்கும். அது அவனுக்குத் தெரிந்தது. ஆனால் ஒன்றை மறைக்கவும் கொஞ்சம் உயிர்ப்பு வேண்டும். எட்டு மாதமாக அவனிடம் அது இல்லை.

"யாரோட புள்ளி?" என்றார் முதலாளி.

அவன் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்பிள்ளை, கேக்கறாங்கல்ல?" என்றாள் மாமியார்.

"புள்ளி இல்ல அத்தை."

"புள்ளி வைக்காம விட்டது எந்தச் சோம்பேறி?"

"புள்ளி இல்ல. கால் இருக்கு."

"காலா?"

"ஆறு."

முதலாளி சிரிக்கப் பார்த்தார். "காலையில சாப்டியாப்பா?"

"இது நம்ம இலை இல்ல," என்றான் அவன். "இலையே இல்ல."

விரலைத் தூக்கிக் காட்டினான். சருகு விரலின் மேல் ஓர் அடி எடுத்து வைத்தது. அவ்வளவுதான். மச்சினி வீரிட்ட அலறலில் சாயக் கிண்ணம் கவிழ்ந்தது. முதலாளி காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் போய்ச் சுவரில் முட்டினார். மாமியார் மட்டும் அசையவில்லை. கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொறுப்பாளர் அம்மா பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார். பேனா கையில் திறந்தபடியே இருந்தது. "நான் ஒரு பூச்சிக்கு ஆர்டர் குடுக்கப் பாத்தேனா?" என்றார், யாரையும் கேட்காமல்.

அவனை யாரும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அவன் எழுதிய சீட்டு பன்னிரண்டாவது அறையில் எல்லாரும் பார்க்கக் கிடந்தது.

அந்த அம்மா நிலைக்கு வரச் சற்று நேரம் பிடித்தது. பிறகு கைபேசியில் படம் எடுத்து, நடந்ததையும் எழுதி, அருங்காட்சியகத்தின் பூச்சி நிபுணருக்கு அனுப்பினார். அடுத்த நிமிடமே அழைப்பு வந்தது. ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தார்.

"எங்க இருக்கு அது? உயிரோட இருக்கா? யாரும் இறக்கையைத் தொட்டுடலையே?" பூச்சிக்காரர் மூச்சு விடாமல் பேசினார். "இறக்கையில இருக்கறது சாயம் இல்ல, செதில். தூள் மாதிரி உதிர்ந்துடும். நடுவுல கரும்பழுப்பா? மேல வெளிர் ஓரமா? சுருண்ட மாதிரி இருக்கா?"

"ஆமா சார்," என்றார் அந்த அம்மா.

"அந்துப்பூச்சி. காட்டு அந்து. ராத்திரி வெளிச்சத்துக்கு வந்திருக்கும், பகல்ல இருந்த எடத்துலயே உறைஞ்சு உக்காந்திருக்கும். சருகு மேல உக்காந்தா சருகு. அதுக்கு வேற வேலையே இல்ல. ஆமா, இதுக்கு யாரோ 'சரி'ன்னு சீட்டு எழுதினாங்கன்னு அனுப்பிருக்கீங்களே. அவரு இருக்காரா?"

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். "இருக்கேன்," என்றான்.

"வெக்கப்படாதீங்க. குருவி தினமும் அதைத்தான் சொல்லுது. பாக்கும், 'இலைதான், சரி'ன்னு தாண்டிப் போயிடும். அந்த ஒரு சரியிலதான் இது உயிர் பொழைக்குது."

முதலாளிக்கு அந்தப் பாராட்டு பிடிக்கவில்லை. "குருவியைக் கொண்டுவந்து நாற்காலியில உக்கார வெக்கலாம் போல," என்று முணுமுணுத்தார்.

"இப்ப ஒரு காரியம் பண்ணுங்க," என்றது கைபேசி. "அந்தச் சுருளை எல்லாரும் நல்லாப் பாத்தீங்கல்ல? ஓரம் உள்ள மடிஞ்சிருக்கே? இப்ப குனிஞ்சு, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுபோய், பக்கவாட்டுல பாருங்க."

அவன் விரலை மேசையில் வைத்துக் குனிந்தான். கன்னம் பலகையைத் தொட்டது.

மடிப்பு இல்லை.

தலையைத் தூக்கி மேலிருந்து பார்த்தான். மடிப்பு இருந்தது. ஓரம் சுருண்டு உள்ளே இருட்டு தெரிந்தது. மறுபடி குனிந்தான். ஓட்டுக் கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரிந்த வழவழப்பான பரப்பு. ஒரு மேடு, ஒரு பள்ளம், ஒரு சுருக்கம் கிடையாது. மூன்றாம் தடவை தலையைத் தூக்கியபோது மடிப்பு திரும்பி வந்தது. தெரிந்துகொண்ட பிறகும் கண் மறுபடி ஏமாந்தது.

"சுருளவே இல்ல," என்றான்.

"சுருளவே இல்ல!" என்று கத்தினார் பூச்சிக்காரர். "வழவழன்னு இருக்கற இறக்கையில சுருளை வரைஞ்சு வெச்சிருக்கு! வெளிச்சம் எங்க விழும், நிழல் எங்க விழும், எல்லாம் செதில்ல. முப்பது வருஷமாப் பாக்கறேன், இன்னும் நானே ஏமாந்து போறேன். சாயங்காலம் மரத்துல விட்டுடுங்க. வளர்ந்த அப்புறம் அதுக்கு வாழ்நாள் ரொம்ப இல்ல. பாட்டில்ல அடைச்சு வீணாக்காதீங்க."

அழைப்பு முடிந்தது. "தள்ளுங்க மாப்பிள்ளை," என்று மாமியார் வந்தாள்.

அவளுடைய வலது கை விரல்கள் ஐந்தும் நுனியில் வழுவழுப்பாக இருக்கும். ரேகை கிடையாது. இருபத்திரண்டு வருஷ இரும்புச் சூடு. அந்தக் கையை மேசையில் ஊன்றிக் குனிந்தாள். பக்கவாட்டில் பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். பட்டறையில் அடுப்பு மட்டும் சீறிக்கொண்டிருந்தது.

"சூடு வைக்கல," என்றாள் கடைசியில். "இரும்பே படல. மடிக்காமலே மடிச்சிருக்கு."

"அம்மா, உக்காரு," என்றாள் மச்சினி.

"இருபத்திரண்டு வருஷம் விரலை வேக வெச்சேன்டி. ஒரு பூச்சி, துணி இல்லாம, அடுப்பு இல்லாம..." தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பொறுப்பாளர் அம்மா எழுந்தார். அவர் முகத்தில் திகில் போய் வேறொன்று வந்திருந்தது. "இதுதான் எனக்கு வேணும். தட்டையா இருக்கணும், சுருண்டு தெரியணும். கண்ணாடியில முட்டாது. நாலு மணிக்கு வரேன். இதே மாதிரி ஒண்ணே ஒண்ணு செஞ்சு காட்டுங்க. முடியலன்னா வேற எடம் பாத்துக்கறேன்."

அவர் படியிறங்கியதும் முதலாளி அவன் பக்கம் திரும்பினார். "நாலு மணி. அந்தம்மா தலையாட்டினா நீ அங்க உக்காரு. இல்லன்னா நான் என்ன பண்ணட்டும்? பூச்சிக்குச் சீட்டு எழுதினவருன்னு நாளைக்கு எல்லாக் கடையிலயும் சிரிப்பாங்க."

அந்துப்பூச்சியைத் தக்கைப் பலகை ஒன்றில் இறக்கி ஜன்னலோரம் சாய்த்து வைத்தார்கள். அது இறங்கிய இடத்திலேயே சருகாகிவிட்டது. மச்சினி சுருட்டாத துணி இலை ஒன்றை எடுத்து, பார்த்துப் பார்த்துச் சாயம் போட்டாள். கைத்திறமைக்காரி. அரை மணியில் கொண்டுவந்து நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

அவன் பார்த்தான். இலை தெரிந்தது. பழக்கத்தில் கை பேனாவை எடுத்துச் "ச" என்று எழுதிவிட்டது.

பிறகு தக்கைப் பலகையைப் பார்த்தான். மறுபடி துணியைப் பார்த்தான். எங்கோ உறுத்தியது. பல்லிடுக்கில் நார் மாட்டிய மாதிரி. அவனுக்கு அந்த உறுத்தலே அதிர்ச்சியாக இருந்தது. எட்டு மாதத்தில் ஒன்று இன்னொன்றிலிருந்து வேறாகத் தெரிந்தது அதுதான் முதல் தடவை.

"தப்பு," என்றான்.

பட்டறை திரும்பிப் பார்த்தது. காம்பு ஒட்டுகிறவர்கள்கூடக் கையை நிறுத்தினார்கள்.

"என்ன மாமா?" என்றாள் மச்சினி.

"தப்பு. ரெண்டு ஓரத்துலயும் நிழல் போட்டிருக்க. அதுல ஒரு பக்கம்தான் இருக்கு. வெளிச்சம் மேலேருந்துதான் வரும்னு அது முடிவு பண்ணியிருக்கு."

"பூச்சி முடிவு பண்ணியிருக்கா?"

"வந்து பாரு."

பார்த்தாள். "அட, ஆமா," என்று துணியைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

இரண்டாவது தப்பு. மூன்றாவதும் தப்பு. நிழலின் இரண்டு கரையும் ஒரே மாதிரி இருந்தது. அவன் பூதக்கண்ணாடியை எடுத்துப் பூச்சிக்கு மேலே பிடித்தான். பார்த்ததும் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டான். கொஞ்சம் தைரியம் சேர்த்துக்கொண்டு மறுபடி எடுத்தான். அங்கே கோடு என்று ஒன்றும் இல்லை. ஓடு வேய்ந்தது போல அடுக்கடுக்காகத் தூள். ஒரு தூளுக்கு ஒரு நிறம். பழுப்புக்குப் பக்கத்தில் கறுப்பு, கறுப்புக்குப் பக்கத்தில் வைக்கோல் நிறம். நெருங்கிப் பார்த்தால் வெறும் தூள். கண்ணாடியை விலக்கினால் சுருள். நிழலின் ஒரு கரை கத்தியால் வெட்டினாற்போல் நின்றது. மறு கரை தண்ணீரில் மை கரைவதுபோல் கரைந்து போயிற்று. சுருள் அந்த இரண்டு கரைகளுக்கு நடுவில்தான் இருந்தது.

"ஒரு கரை வெட்டு, ஒரு கரை கரைசல்," என்றான். "ரெண்டும் வெட்டா இருந்தா கோடு. ரெண்டும் கரைசலா இருந்தா அழுக்கு."

"காலேஜ் படிச்சவர் வாயைத் தொறந்துட்டாருடி," என்றாள் தரையில் உட்கார்ந்திருந்த மாமியார். ஆனால் எழுந்து வந்தாள். மகள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "எங்கடி வெட்டு வெக்கற? ஓரம் உருண்டு வந்து எங்க தொடுதோ அங்கதான் வெட்டு. நீ அதுக்கு அந்தண்ட போட்டிருக்க. வேகாத விரலுக்கு என்ன தெரியும்? குடு இங்க."

"உனக்குத் தூரிகை பிடிக்கத் தெரியாதும்மா."

"சுருள் எங்க ஆரம்பிக்கும்னு தெரியும். நீ பிடி, நான் சொல்றேன்."

அப்படித்தான் நடந்தது. தாய் விரலால் காற்றில் சுருட்டிக் காட்டினாள், மகள் வரைந்தாள், அவன் "தப்பு" என்றான். ஏழு. எட்டு. ஒன்பதாவது இலைக்கு மாமியாருக்குப் பொறுமை போயிற்று.

"இதுல என்னய்யா தப்பு? அவளாட்டமே உக்காந்துக்கிட்டு தப்பு தப்புன்னு!"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. அவள் திரும்பிப் போய்க் குழாயைத் திறந்தாள். சாயம் படாத கையை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

மச்சினி குனிந்தபடியே சொன்னாள்: "அக்கா இருந்திருந்தா இந்தப் பூச்சியைக் காலையிலயே பிடிச்சிருப்பா மாமா."

அவன் பூதக்கண்ணாடியை மறுபடி பூச்சிக்கு மேலே பிடித்தான். அவள் பத்தாவதை எடுத்தாள்.

நாலு மணிக்குப் பதினேழாவது இலை மேசையில் இருந்தது. முதலாளி அதைத் தக்கைப் பலகையின் பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டடி பின்வாங்கிப் பார்த்தார். பார்த்தவர் தொடையைத் தட்டினார். "அடி சக்கை! எது எதுன்னே தெரியலையே!"

பொறுப்பாளர் அம்மா வந்தார். நின்று பார்த்தார். குனிந்து மேசை மட்டத்தில் பார்த்தார். துணி தட்டையாகக் கிடந்தது. நிமிர்ந்தார். சுருண்டது. அவர் உதட்டோரம் சிரிப்பு வர ஆரம்பித்தது.

"சரிதானே மேடம்?" என்றார் முதலாளி.

"சரிதான். இவரு எங்க? காலையில உண்மையைச் சொன்னவர். நீங்க என்ன சொல்றீங்க?"

முதலாளி அவனைப் பார்த்த பார்வையில் கெஞ்சலும் இருந்தது, கொலையும் இருந்தது. மச்சினி கையைக் கோத்துக்கொண்டாள். ஒரு சொல்தான். பதினேழு இலைக்குக் களைத்த கைகள் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தன.

"தப்பு," என்றான்.

"போச்சு," என்றார் முதலாளி.

"நரம்பு," என்றான் அவன். "நம்ம இலையில நரம்பு நிழலுக்குள்ளயும் அதே கறுப்பாப் போகுது. இலை சுருண்டா, மடிப்புக்குள்ள போன நரம்பு வெளியில தெரியாது. பூச்சியைப் பாருங்க. இருட்டுக்குக் கிட்ட வர வர நரம்பு மெலிஞ்சு நின்னுடுது. அதனாலதான் நம்ம கண்ணு உள்ளே ஒரு எடம் இருக்குன்னு நம்புது. நம்ம இலையில உள்ளே எடம் இல்ல. மேல நின்னு ஒரு தடவை பாக்கறவங்களுக்குத் தெரியாது. ஒரு குழந்தை கண்ணாடியில படுத்துக்கிட்டுப் பத்து நிமிஷம் பாத்தா, வரைஞ்சதுன்னு சொல்லிடும்."

அவ்வளவு நீளமாக அவன் பேசிப் பட்டறை கேட்டதில்லை. எட்டு மாதத்தில் அவனும் கேட்டதில்லை. பேசி முடித்ததும் காது அடைத்த மாதிரி இருந்தது.

அந்த அம்மா பலகையில் முகத்தை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "நான் கையெழுத்து போட்டுட்டுப் போயிருப்பேன்," என்றார். "காலையில ஒரு தடவை, இப்ப ஒரு தடவை. ஒரே நாள்ல ரெண்டு தடவை." பிறகு நிமிர்ந்தார். "நரம்பைச் சரி பண்ண எத்தனை நாள் ஆகும்?"

"நாளைக்கு மத்தியானம் தரோம் மேடம்," என்றார் முதலாளி.

"நாலு நாள்," என்றான் அவன்.

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மா நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். "நாலாம் நாள் வரேன். இவரே காட்டணும். இவரு சரின்னு சொன்னா நான் பாக்கக்கூட வேண்டாம்."

அவர் வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும்வரை முதலாளி வாயைத் திறக்கவில்லை. பிறகு நாற்காலியைக் காலால் அவன் பக்கம் தள்ளினார். "உக்காருங்க சார்," என்றார். அந்த "சார்" கேலியா என்பது அவருக்கே தெரிந்திருக்காது. அடுத்த நிமிடம் அலறினார்: "ஐயையோ, பூச்சியைச் சாயங்காலம் விடணும்னு சொன்னானே அந்த ஆளு! அப்ப நாலு நாளும் எதைப் பாத்து செய்வீங்க?"

"நான் பாத்துட்டேன்," என்றான் அவன்.

பட்டறைக்குப் பின்னால் ஒரு மரம் உண்டு. வெயில் இன்னும் இறங்கவில்லை. அவன் பலகையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, தாயும் மகளும் பின்னால் வந்தார்கள். விரலைக் கொடுத்தான். ஆறு முனைகள் ஏறின. தாழ்ந்த கிளை ஒன்றில், காய்ந்த கொத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்துக் காத்திருந்தான். அது அவசரப்படவில்லை. ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து இறங்கியது. இறக்கையைச் சற்று நகர்த்தி, பொருத்தமாக உட்கார்ந்துகொண்டது.

"நீ மத்தியானம் அக்காவைப் பத்திச் சொன்னியே," என்றான் அவன், மச்சினியிடம். "அவளும் சரின்னுதான் எழுதியிருப்பா."

மச்சினி அம்மாவைப் பார்த்தாள்.

மாமியாரின் முகம் சிவந்துவிட்டது. "என் பொண்ணா? என் பொண்ணு கண்ணைப் பத்தியா பேசறீங்க? ஆறு வருஷத்துல ஒரு இலை, ஒரே ஒரு இலை அவ கண்ணுல தப்பினது உண்டா?"

"இது தப்பியிருக்கும் அத்தை."

அவள் கையை ஓங்கினாள் என்றே நினைத்தான். ஓங்கவில்லை. கிளைப் பக்கம் திரும்பினாள். இடுப்பில் கை வைத்துக் குனிந்து, பக்கவாட்டில் பார்த்தாள். நிமிர்ந்து மேலிருந்து பார்த்தாள். மறுபடி குனிந்தாள். இந்தத் தடவை வெகுநேரம் நிமிரவில்லை.

"எழுதியிருப்பா," என்றாள்.